கணக்கு வரவில்லையா? மொழி விடவில்லையா?

"வணிகவியல் மாணவனுக்குக் கணக்கு வராது!" நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் தேர்வு முடிவு வரும்போதெல்லாம் எழும் ஓலம் இது. கொற்கைத் துறையில் முத்து விற்ற இனத்திற்கா கணக்கு வராது? பொருநைக் கரையில் நெல்லைக் கோட்டையாலும் மரக்காலாலும் அளந்து, வட்டியை விரல்நுனியில் வைத்திருந்தவன் பேரனுக்கா கணக்கு வராது?

கரணியங்கள் பல கூறுவர். கணக்குக்கு அஞ்சியவனே வணிகப் பிரிவுக்கு வருகிறான் என்பர். அடிப்படை இல்லை என்பர். பயிற்சி போதாது என்பர். அவற்றிலும் உண்மை உண்டு. ஆயின், அந்த அச்சத்தை வளர்ப்பது எது? அதைச் சொல்லத்தான் நாணுகின்றனர்!

பன்னிரண்டாம் வகுப்புவரை 'கூட்டு வட்டி' என்று தமிழில் படித்தவன், கல்லூரியில் 'காம்பவுண்டு இண்டரசுட்டு' என்பதன்முன் விழிக்கிறான். 'நிகழ்தகவு' என்னும் சொல் தன் பொருளைத் தானே கூறும். 'பிராபபிலிட்டி' அவனுக்கு என்ன கூறும்? கணக்கைப் போடுமுன் வினாவைப் பெயர்க்க வேண்டியிருக்கிறது. பெயர்ப்பதற்குள் நேரம் போகிறது; நெஞ்சு நடுங்குகிறது; மதிப்பெண் வீழ்கிறது. தோற்றது அவன் எண்ணறிவன்று. அவன்மேல் ஏற்றிய அயன்மொழிச் சுமையே அவனை வீழ்த்தியது!

நூறு உருபாச் சரக்கின் விலையை நூற்றுக்குப் பத்து ஏற்றி, ஏறிய விலையில் நூற்றுக்குப் பத்துத் தள்ளினால் எவ்வளவு? தமிழில் கேளுங்கள், கடையில் வளர்ந்த பிள்ளை 99 என்பான். அதையே ஆங்கிலத்தில் நான்கு வரி நீட்டிக் கேளுங்கள், வாயடைத்து நிற்பான்.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒலித்த நாளில் இந்நிலை இல்லை. மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 1/16. அதன் பெயரே மாகாணி! பெயரைச் சொன்னவுடன் கூட்டல் முடிந்தது. காணியில் காற்பங்கு முந்திரி, அது 1/320. காரிநாயனாரின் கணக்கதிகாரம் அளவைகளைச் செய்யுளிலேயே கற்பித்தது. 1957-இல் பதின்மக் காசு வந்தபின் மாகாணியால் விலை பேசும் தேவை குறைந்தது மெய்யே. அதற்காக மனக்கணக்குப் பழக்கத்தையுமா புதைக்க வேண்டும்?

கற்பிக்கச் சிறந்தது தாய்மொழியே என்று யுனெசுகோ 1953-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே கூறிவிட்டது. உலகம் ஒப்பியதைத் தமிழன்தான் ஒப்ப மறுக்கிறான்.

தமிழை வாழ்த்திப் பாடிய சுந்தரனார் பெயரால் 1990-இல் பல்கலைக்கழகம் எழுந்த மண் இது. வாழ்த்து மட்டும் தமிழில், வட்டிக் கணக்கு ஆங்கிலத்தில் என்றால் அந்த வாழ்த்தால் யாருக்கு வாழ்வு? தொடக்கப் பள்ளியில் வாய்பாடு மீண்டும் ஒலிக்கட்டும்! கல்லூரியில் வணிகக் கணக்கு தமிழில் விளங்கட்டும்! வினாத்தாள் தமிழில் பேசட்டும்! ஆங்கிலச் சொல் வேண்டுமெனில், பொருள் விளங்கிய பின் அது அருகில் நிற்கட்டும். வாயிலை மறித்து நிற்க வேண்டா!

மொழி விலங்கை அறுங்கள். கணக்கு தானே வரும்!