முகத்து மங்கும் முதலாளி லாபமும்

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கும், அங்கிருந்து பூந்தமல்லிக்கும் போகிற வழியில் விளம்பரப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். முகத்து மங்கு மறையுமாம்! லேசராம், பீலாம், தோலை வெளுக்க வைக்கும் ஊசியாம்! கையில் பணமில்லையா? கவலை வேண்டாம், மாதத் தவணையும் உண்டாம்!

இந்த வியாபாரம் யாரைக் குறிவைக்கிறது? 1964-ல் துவங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை தைக்கும் பெண்ணை. வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்ணை. நடைபாதையில் பூ விற்கும் பெண்ணை. உழைப்பைச் சுரண்டியது போதாதென்று, உழைப்பு முகத்தில் பதித்த அடையாளத்தையும் காசாக்கப் பார்க்கிறார்கள்!

மங்கு என்பது என்ன? தோலுக்கு நிறம் தரும் மெலனின் சில இடங்களில் அதிகமாகத் திரள்வதுதான். வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவை காரணம். அது தொற்று நோயல்ல. உயிரைப் பறிக்கும் நோயுமல்ல. சிகிச்சையால் கட்டுப்படுத்தலாம், ஆனால் திரும்பி வருவது அதன் சுபாவம். வெயிலைத் தடுக்காமல் எந்தச் சிகிச்சையும் நிலைக்காது. நம்மவர் தோலில் லேசரையும் கடுமையான பீலையும் தவறாகக் கையாண்டால், முகம் முன்னிலும் கறுத்துப் போகும். இதைப் பலகையில் எழுதுவார்களா? மாட்டார்கள்! மங்கு திரும்புவது நோயாளிக்குத் துக்கம், வியாபாரிக்கோ வாடிக்கை!

லேசருக்குப் பணமில்லாதவர் மருந்துக் கடைக்குப் போகிறார். அங்கே கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதலில் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், பரு கிளம்பும், ரோமம் முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல், எனவே மீண்டும் அதே களிம்பு! ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று மத்திய சர்க்கார் 2018-ல் உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதுமா? கடையில் அமல் நடக்க வேண்டாமா?

பாதரசம் கலந்த க்ரீம்களின் கதை இன்னும் கொடியது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அபூர்வ வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள்! முகம் வெளுக்கப் பூசியது சிறுநீரகத்தைத் தின்றது.

"அவளே விரும்பி வருகிறாள், உங்களுக்கென்ன?" என்று கேட்கிறார்கள் கனவான்கள். அந்த விருப்பத்தை உற்பத்தி செய்தது யார்? 1975 முதல் "ஃபேர் அண்டு லவ்லி" விற்ற கம்பெனி, கறுத்தவளுக்கு வேலையும் இல்லை, வரனும் இல்லை என்று படம் காட்டியது. அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடிய பிறகே, 2003-ல் அத்தகைய விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. 2020-ல் "ஃபேர்" போய் "குளோ" வந்தது. பெயர் மாறியது, சரக்கு மாறியதா?

இதே ஆவடியில்தான் 1955-ல் காங்கிரஸ் மகாசபை "சோஷலிச பாணி சமுதாயம்" என்று தீர்மானம் போட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து ஆவடிப் பெண்ணுக்குக் கிடைத்திருப்பது தவணை முறையில் வெளுப்பு!

நாம் விஞ்ஞானத்தின் விரோதிகள் அல்ல. முகத்தில் திட்டு வந்தவளுக்கு மன வேதனை உண்டு. அதை ஏளனம் செய்பவர்கள் நாமல்ல. முறையாகப் படித்த தோல் மருத்துவர் பார்த்து, இது மங்குதானா, வேறு நோயா என்று சொல்ல வேண்டும். பணக்காரிக்குக் கிடைக்கும் அந்த ஆலோசனை தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

ஆகவே நாம் கோருகிறோம்: இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் குறித்த நாட்களில் தோல் மருத்துவர் வந்து பார்க்கட்டும். மருந்து ஆய்வாளர்கள் கடைகளைச் சோதிக்கட்டும். பாதரச க்ரீம் பிடிபட்டால் விற்றவன் மட்டுமல்ல, தயாரித்தவனும் கூண்டில் நிற்கட்டும். வெளுப்பு விளம்பரங்களைத் தடுக்க 2020 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவைச் சர்க்கார் சட்டமாக்கட்டும். பஸ் நிறுத்தங்களில் நிழல் வரட்டும். மங்குக்கு முதல் மருந்து அதுதான்!

வாசகர்களே! ஊசி போட வருகிறவரிடம் மருத்துவப் பதிவு எண்ணைக் கேளுங்கள். களிம்பு கொடுப்பவரிடம் சீட்டு எங்கே, ரசீது எங்கே என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் பணத்தை நீட்டாதீர்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தப் பிரச்னையை எழுப்புங்கள்!