பவர் மீட்டரும் பத்துக் கிலோ எடைக்கல்லும்

முத்திரை ஆய்வராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். சந்தை சந்தையாகப் போய்த் தராசுகளைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கினேன். அப்படிப்பட்ட நான் ஒரு எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி, ஏற்காடு மலைப்பாதையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பைபாஸ் ஆபரேஷன் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், திரும்ப வேண்டாம். இந்தப் பதிவுக்கு வேண்டியது இரண்டு விஷயம்தான். இதயத்தில் ஒட்டுவதற்கான ரத்தக்குழாயை என் இடது காலிலிருந்து எடுத்தார்கள். அந்தக் கால் இன்றைக்கும் வலது காலுக்குச் சமமாக உழைப்பதில்லை. அடுத்தது, நான் சாப்பிடுகிற பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித்துடிப்பை ஏற விடாது. எவ்வளவு மூச்சு வாங்கினாலும் கைக்கடிகாரம் 100, 105 என்றுதான் காட்டும். அதை வைத்து உழைப்பை அளக்க முடியாது. அதனால் மருத்துவமனையில் உடற்பயிற்சி சைக்கிளில் உட்கார வைத்து, ஈசிஜி ஒயரை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பளுவை ஏற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பிசியோதெரபி பார்த்த பெண் சொன்னார்: "சார், வெளியில சைக்கிள் ஓட்டுங்க, வேண்டாங்கல. ஆனா நூறு வாட்டைத் தாண்டாதீங்க."

நூறு வாட் என்றால் ஒரு பழைய குண்டு பல்பு. வீட்டு மின்விசிறி எழுபத்தைந்து. அவ்வளவுதான் எனக்கு அனுமதி.

ரோட்டில் வாட்டை எப்படிப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை ஒரு டப்பாவோடு வந்தார். "மாமா, இதுக்குன்னே பவர் மீட்டர்னு ஒண்ணு இருக்கு." விலை முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல். பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் கம்பி இருக்கிறதே, அதில் இடது பக்கத்துக் கம்பியைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். உள்ளே ஸ்டிரெயின் கேஜ் ஒட்டியிருப்பார்கள். மிதிக்கும்போது கம்பி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், கேஜின் மின்தடை மாறும், அதிலிருந்து முறுக்கு விசை. அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட். டப்பா மேல் பெரிய எழுத்தில் "துல்லியம் ±1.5 சதவீதம்".

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மளிகைக் கடை மின்னணுத் தராசுக்குள் இருப்பதும் இதே ஸ்டிரெயின் கேஜ்தான். 1938-இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. சைக்கிளுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஜெர்மனிக்காரர் ஷோபரர், அவருடைய எஸ்.ஆர்.எம். கம்பெனி 1986-இல் தொடங்கியது. நான் பாதி வாழ்நாள் மல்லுக்கட்டிய சாமான்தான் இது. இருந்தும் டப்பாவை நம்பினேன். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்கிற கூச்சமும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இரண்டு மாதம் சமதரையில் ஓட்டினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடிவாரத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் கொஞ்ச தூரம். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறுகிற பேராசை எல்லாம் இல்லை. நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பிவிடலாம் என்று திட்டம். மீட்டர் 92, 95, 94 என்று காட்டிக்கொண்டே வந்தது. மூச்சு வாங்கியது. தொடை எரிந்தது. உடம்பு "போதும்" என்றது. மீட்டர் "இன்னும் ஆறு வாட் பாக்கி இருக்கிறது" என்றது. நான் மீட்டர் பேச்சைக் கேட்டேன்.

நாலாவது கிலோமீட்டரில் நெஞ்சுக்கு நடுவில் ஒரு இறுக்கம். சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த சார்பிட்ரேட்டை நாக்கடியில் வைத்துக்கொண்டேன். பலாப்பழம் விற்கிற ஒரு பையன்தான் தண்ணீர் கொடுத்து வேனை நிறுத்தி ஏற்றிவிட்டான். ஈசிஜியில் புதிதாக ஒன்றுமில்லை, ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். என் மனைவி சைக்கிள் பூட்டுச் சாவியை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். கேட்கிற தைரியம் பத்து நாளைக்கு எனக்கு வரவில்லை.

அந்தப் பத்து நாளில் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். என் எடை 68 கிலோ. சைக்கிள், தண்ணீர், பம்பு எல்லாம் சேர்த்து 13. ஆக 81 கிலோ. போனில் பதிவான ஏற்றம் 200 மீட்டர், நேரம் 24 நிமிடம். 81-ஐ 9.81-ஆல் பெருக்கி, 200-ஆல் பெருக்கி, 1,440 நொடியால் வகுத்தால் 110 வாட். புவியீர்ப்புக்கு எதிராக என்னைத் தூக்க மட்டும் 110! டயர் உராய்வு, காற்று, சங்கிலியில் வீணாவது எல்லாம் சேர்த்தால் 130-க்குக் குறையாது. மீட்டர் காட்டிய சராசரி 94. போன் காட்டிய உயரத்தில் பத்து மீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் இந்த இடைவெளி அடையாது. மலை பொய் சொல்லாது.

அதோடு விட்டால் நான் ஆய்வன் இல்லை. பழைய இரும்புக்கடை நண்பரிடம் முத்திரை போட்ட பத்துக் கிலோ எடைக்கல் இரண்டு வாங்கி வந்தேன். பின் பிரேக்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ரசமட்டம் வைத்துக் கிராங்கைப் படுக்கை வாட்டத்தில் நிறுத்தி, பெடல் அச்சில் முதலில் ஒரு கல், பிறகு இரண்டாவது கல். என் கிராங்க் நீளம் 170 மில்லிமீட்டர். பத்துக் கிலோ கூடினால் முறுக்கு விசை 16.7 நியூட்டன் மீட்டர் கூட வேண்டும். ஆப்பில் எங்கோ ஒளித்து வைத்திருந்த பக்கத்தில் பார்த்தால், கூடியது 13.9. நாலு முறை செய்தேன். நாலு முறையும் அதே. கிலோவுக்கு 830 கிராம் போடுகிற தராசு இது!

மிச்சக் குறைவு எங்கே போனது என்றால், இடது காலில். இது இடது பக்கத்தை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகிற மீட்டர். வலது பக்கத்தில் பல்சக்கரம் இருப்பதால் விசையைப் பிரித்து அளப்பது சிரமம், செலவு. இடது கம்பி வெறுங்கம்பி, ஒட்டுவது சுலபம். சரி, மலிவுக்காகச் செய்கிறார்கள். ஆனால் என் இடது கால் நூற்றில் 44 பங்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், மீட்டருக்கு நான் 88 பங்கு ஆள்தான். இரண்டு காலும் ஒன்றுபோல் உழைக்காதவர்கள் வாங்கலாமா கூடாதா என்று டப்பாவில் ஒரு வரி இல்லை. ஒரு பாதியை அளந்து மறுபாதியை ஊகிக்கிற கருவிக்கு எதை வைத்து ஒன்றரை சதவீதத் துல்லியம் சொல்கிறார்கள்?

கஸ்டமர் கேருக்கு எழுதினேன். கம்பெனி பெயர் வேண்டாம். "பேட்டரி மாற்றினீர்களா, ஃபர்ம்வேர் புதுப்பித்தீர்களா, கேலிபிரேட் செய்தீர்களா?" என்று பதில். கேலிபிரேட் என்று அவர்கள் சொல்வது, கிராங்கைச் செங்குத்தாக நிறுத்தி ஆப்பில் ஒரு பொத்தானை அமுக்குவது. அது பூஜ்யம் சரிபார்ப்பது, ஐயா! காலித் தட்டில் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிற வேலை. காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டிவிட்டு ஒரு கிலோவுக்கு 830 கிராம் காட்டுகிற தராசுகளை நான் லாரி லாரியாகப் பார்த்திருக்கிறேன். அந்த வியாபாரிகூட "முள்ளு நடுவுல நிக்குது பாருங்க சார்" என்றுதான் சொல்வான். என் எடைக்கல் சோதனையைப் பற்றிக் கேட்டதற்கு, "வாடிக்கையாளர் வீட்டில் செய்யும் சோதனைகளை நாங்கள் ஏற்பதில்லை." பிறகு ஒரு மாதம் கழித்து வேறொன்று அனுப்பி வைத்தார்கள். அதில் பத்துக் கிலோவுக்கு 16.1. பரவாயில்லை, ஆனால் இதுவும் டப்பாவில் போட்ட ஒன்றரைக்குள் இல்லை. பழையதில் என்ன கோளாறு, அதே சமயத்தில் தயாரானதை வாங்கிய மற்றவர்களுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். "உங்களுடையது தனிப்பட்ட கேஸ் சார்."

இதை எங்கள் சைக்கிள் கோஷ்டி இளைஞர்களிடம் சொன்னால் ஒரு தத்துவம் சொல்கிறார்கள்: "அங்கிள், சரியா காட்டணும்னு இல்ல, தினமும் ஒரே மாதிரி காட்டினா போதும். போன மாசத்தைவிட ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு தெரிஞ்சா சரி." பந்தயத்துக்குத் தயாராகிறவனுக்கு அது ஓரளவு நியாயம். எனக்கு? என் நூறு வாட் மருத்துவமனைச் சைக்கிளில் அளந்தது. ஒரு கருவியில் அளந்த எண்ணை இன்னொரு கருவிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் இரண்டும் உண்மையைச் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை. அதுவும் தவிர, ஒரே மாதிரி காட்டுகிறது என்பதை இவர்கள் யாராவது சோதித்தார்களா? காலை ஆறு மணிக்குப் பூஜ்யம் செய்த கம்பி பத்து மணிச் சேலம் வெயிலில் சூடேறினால் பூஜ்யம் நகரலாம். கால் அசதியானால் இடது வலது பங்கு மாறும். கிராஃப் வழவழப்பாக இருக்கிறது, அதனால் நம்புகிறார்கள்.

தாரமங்கலம் பக்கம் ஒரு சந்தையில் காய்கறிக்கார அம்மா ஒருவர் என்னை மடக்கியது ஞாபகம் வருகிறது. அவர் தராசில் என் கல்லை வைத்துக் குறை சொன்னேன். "ஏனுங்க, என் கல்லு தப்புங்கிறீங்க. உங்க கல்லு சரின்னு யாரு பாத்தா?" கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. என் கல்லை இன்ன ஆய்வகத்தில் இன்ன தேதியில் பார்த்தார்கள், அவர்கள் கல்லைப் பெங்களூரில் பார்க்கிறார்கள், அதற்கு மேல் டெல்லியில் இருக்கிறது என்று சான்றிதழைக் காட்டிச் சொன்னேன். கேட்டுவிட்டு அபராதம் கட்டினார்.

அந்தத் தராசுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முத்திரை. மின்னணுத் தராசுக்கு வருடா வருடம். பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவையைக் கொண்டு வரச் சொல்லி நாமே பார்க்கலாம். 2009-ஆம் வருடச் சட்டமுறை எடையளவுச் சட்டம் விற்பனைத் தராசுக்குத்தான் வரும், சைக்கிள் கிராங்குக்கு வராது என்பது எனக்கும் தெரியும். நான் முத்திரை கேட்கவில்லை. அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில்தான் கேட்கிறேன். கல் தொங்கவிட்டுப் பார்க்கிற முறையை மானுவலில் அச்சடியுங்கள். முறுக்கு விசையை ஆப்பில் முதல் பக்கத்தில் காட்டுங்கள். தப்பாக இருந்தால் நானே திருத்திக்கொள்ள வழி விடுங்கள். எஸ்.ஆர்.எம். காரர்கள் எடையைத் தொங்கவிட்டுத் திருத்த வழி வைத்திருக்கிறார்கள். முடியாத காரியம் இல்லை.

இதையே கடிதமாக எழுதிக் கம்பெனிக்கு அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. பதில் இல்லை.

சாவி திரும்பக் கிடைத்துவிட்டது, நிபந்தனையோடு. மலை கிடையாது, வாய் விட்டுப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் இறங்கிவிட வேண்டும். பெடல் போடும்போது நான் சத்தமாக ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணுவதைப் பார்த்து அஸ்தம்பட்டியில் சிலர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இரண்டு பத்துக் கிலோ கற்களும் எங்கள் வீட்டு வராந்தாவில்தான் இருக்கின்றன. சேலத்தில் யாரிடமாவது பவர் மீட்டர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மேல் சைக்கிளோடு வாருங்கள். கால் மணி நேரம் போதும். கிராங்க் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள், அது கம்பியின் உள்பக்கத்தில் பொறித்திருக்கும். காபி உண்டு.