ரூபாய்க்குப் பத்துப் பைசா

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் கடல் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கிட்டே வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அலை சீறினால் முன்வரிசைக் குடிசைக்காரர்கள் பாத்திர பண்டங்களைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுகிறார்கள். பின்னால் நிற்கும் வாரியக் குடியிருப்பின் நிலையும் மோசம். 2024 டிசம்பரில் மேலிருந்து பெயர்ந்து விழுந்த சிமெண்ட் பகுதி ஓர் இளைஞரின் உயிரைப் பறித்தது. இப்படி ஓர் இடத்தில் நின்று நூலகத்துக்குப் பணம் கேட்டால், "முதல்ல கட்டடத்தைப் பாருங்க, கால்வாயைப் பாருங்க, லைப்ரரி அப்புறம்" என்றுதான் பதில் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கோபத்தின் பின்னால் மாநகராட்சி மன்றம் ஒளிந்துகொள்ள முடியாது. நூலகத்துக்கான பணத்தை மக்கள் தனியாகவே கட்டிவிட்டார்கள்.

சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒன்று வாங்கப்படுகிறது. வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆயிரம் ரூபாய் வரி என்றால் நூறு ரூபாய். வீட்டுக்காரர் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைச் சுமக்கிறார். அரையாண்டுக்கு ஒருமுறை போகிற இந்தத் தொகையைப் பலர் கவனிப்பதே இல்லை. சட்டப்படி இதில் மாநகராட்சியின் வேலை வசூல் செய்வது, பிறகு மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைப்பது. அவ்வளவுதான். சாலையா நூலகமா என்று மன்றம் தராசு பிடிக்க வேண்டிய பணம் இது இல்லை.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததில்லை. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ல் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அதுதான். கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார், பின்னணியில் உழைத்தவர் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை இருபது ஆண்டுகள் நடத்திய எஸ்.ஆர்.ரங்கநாதன். அன்று ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது அரை அணா, நூலக வரி. தொகை சின்னதுதான், ஏற்பாடு பெரியது. பஞ்சம் வந்தாலும் வெள்ளம் வந்தாலும், ஆட்சி மாறினாலும், நூலகம் யாரிடமும் கையேந்தி நிற்காதபடி அதற்கென்று ஒரு வருமானத்தைச் சட்டமே எழுதி வைத்தது. சொத்து வரி ஏறினால் அதுவும் கூடவே ஏறும். 2022-ல் தமிழகம் முழுவதும் குடியிருப்புகளுக்கான வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டபோது நூலகத்தின் பங்கும் தானாக உயர்ந்திருக்க வேண்டும்.

அதே சட்டத்தில் சென்னைவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விவரம் உண்டு. மற்ற பகுதிகளின் ஆணைக்குழுக்களுக்கு, வசூலாகும் நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசும் தன் பங்காகத் தர வேண்டும் என்று விதித்த சட்டம், சென்னை நகரத்தை மட்டும் விலக்கி வைத்தது. தலைநகரத்தில் வரிப்பணமே போதும் என்று அன்று நினைத்திருக்க வேண்டும். அப்படியானால் இங்கே அந்த வரி நின்றுபோனால் நூலகத்துக்கு விழும் அடி மற்ற ஊர்களைவிடக் கடுமையானது.

நிற்கத்தான் செய்கிறது. மாநகராட்சி நூலக வரியை முழுதாகக் கொடுக்காமல் கோடிக்கணக்கில் பாக்கி வைப்பது பல ஆண்டுகளாகச் செய்திகளில் வருகிற விஷயம். எப்படி நடக்கிறது என்று ஊகிப்பது கடினமில்லை. வரி முதலில் மாநகராட்சியின் கையில் வந்து விழுகிறது. தூய்மைப் பணியாளர் சம்பளம், ஒப்பந்ததாரர் பில், மழைநீர் வடிகால் என்று அவசரச் செலவுகள் வாசலிலேயே காத்திருக்கின்றன. நூலகம் வாசலுக்கு வந்து சத்தம் போடுவதில்லை. அதனால் அதன் பங்கு அடுத்த மாதத்துக்குப் போகிறது, பிறகு அடுத்த ஆண்டுக்கு.

பட்டினப்பாக்கம் அடையாற்றின் முகத்துவாரம். அதே ஆற்றை மேல்நோக்கிப் பிடித்துப் போனால் கோட்டூர்புரம். அங்கே 2010 செப்டம்பர் 15-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, அடுத்த ஆண்டு நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. நூலகத்துக்கு எதிரே நிறுத்தப்பட்டது நோயுற்ற குழந்தை. இதைவிடச் சங்கடமான போட்டி ஏது? ஆனால் எழும்பூரில் அரசுக் குழந்தைகள் மருத்துவமனை ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. இன்னும் வேண்டுமென்றால் அதை விரிவாக்கலாம், புதிதாகவும் கட்டலாம். வாசகர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சில நாட்களிலேயே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கட்டடம் தப்பியது. ஆனால் பல ஆண்டுகள் பராமரிப்புக்குக்கூட நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. நூலகத்தை மூட அறிவிப்பு எதுவும் தேவையில்லை, கவனிக்காமல் விட்டாலே போதும் என்பதை நகரம் அன்று கண்ணால் பார்த்தது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகராட்சியும் இந்த வழியில்தான் போனது. 2013-ல் பிரம்மாண்டமான புதிய நூலகத்தைத் திறந்தது. இரண்டே ஆண்டில் அது திறந்திருக்கும் நேரத்தை வாரத்துக்கு 73 மணியிலிருந்து 40 ஆகக் குறைத்தது. 2023 செப்டம்பரில் நகராட்சியே கையில் பணமில்லை என்று அறிவித்தது. அதன் பிறகு பகுதி நூலகங்கள் வெட்டுப் பட்டியலில் ஏறின. சென்னையின் நூலகங்களுக்கோ பர்மிங்காமில் இல்லாத தனி வரி இருக்கிறது. இருந்தும் இந்த நிலை என்பதுதான் வருத்தம்.

அந்தப் பணம் யாருக்கு என்று தெரிய, ஏதாவது ஒரு கிளை நூலகத்தில் மாலையில் அரை மணி உட்கார்ந்தால் போதும். ஒரே தினத்தந்தி தனித்தனித் தாளாகப் பிரிந்து நான்கு பெரியவர்கள் கையில் இருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலிகளைக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் முன்பே பிடித்திருப்பார்கள். அட்டை பிய்ந்து டேப் ஒட்டிய கைடு அவர்களே கொண்டுவந்தது. அவர்கள் நூலகத்திடம் கேட்பது வெளிச்சம், காற்று, கொஞ்சம் அமைதி, ஒரு கழிப்பறை. ஒரு ரூமும் சமையலறையுமாக இருக்கிற வீட்டில் டிவி ஓடும், தம்பி அழுவான், வலை ஒரு மூலையை அடைத்திருக்கும். அங்கே படிக்க முடியாததால்தான் இங்கே வருகிறார்கள். கால்வாயும் கட்டடமும் கேட்கிற அதே குடும்பத்துப் பிள்ளைகள்தான் இவர்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்குவதை அவர்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் படிப்பதற்கான இடத்தைப் பார்த்தவர்களுக்கு, நல்ல இருக்கையும் இணையமும் கிடைத்தால் இளைஞர்கள் எப்படி வந்து நிறைகிறார்கள் என்பது தெரியும். அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும் புதுக் கட்டடம், தெருமுனைக் கிளை நூலகத்துக்குச் சேர வேண்டிய பாக்கிக்கு ஈடாகாது.

200 கவுன்சிலர்கள் இருக்கும் மன்றத்தில் இதைக் கேட்க ஒருவர் போதும். பகுதி சபைக் கூட்டத்தில் பட்டினப்பாக்கத்துக்காரர் ஒருவரும் கேட்கலாம். கடந்த அரையாண்டில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குப் போனது எவ்வளவு, எந்தத் தேதியில் போனது? மூன்று விடைகளையும் ஒவ்வொரு கிளை நூலகத்தின் வாசலிலும், புதுவரவு நூல்களின் பட்டியலுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும்.