தூசு யார் தலையில்?

தூசைப் பிடிப்பது பெரிய வித்தையில்லை தோழர்களே. டீக்கடையில் வடிகட்டுகிற துணிப்பை இருக்கிறதே, அந்தக் கணக்குதான். பெரிய இரும்புக் கூண்டுக்குள் நீளநீளமான துணிப்பைகள் வரிசையாகத் தொங்கும். ஃபேன் தூசுக் காற்றை இழுக்கும். தூசு பையின் மேல் படியும், காற்று மட்டும் வெளியே போகும். படிந்த தூசே இன்னொரு வடிகட்டியாகித் துணியால் முடியாத நுண்தூசையும் பிடித்துக்கொள்ளும். படிவு தடித்தால் அழுத்தக் காற்றை ஒரு நொடி உள்ளே அடிப்பார்கள். பை உதறிக்கொள்ள, தூசு கீழே கொட்டும். ஒழுங்காக ஓடினால் நூற்றுக்கு 99-க்கு மேல் பிடிக்கும். பேக் ஃபில்டர் என்பது இதுதான்.

சிமெண்ட் அரைக்கிற இடத்தில் முதலாளி இதைக் கேட்காமலே மாட்டுவான். அங்கே பையில் விழுவது தூசு இல்லை, சிமெண்ட். திரும்ப மூட்டையில் போட்டு விற்கலாம். தூசு காசாகாத இடத்தில்தான் அவனுக்குச் செலவு நினைவுக்கு வரும்.

குஜராத்தின் கோத்ரா பகுதியைப் பாருங்கள். வெள்ளைக்கல்லை மாவாக்கும் ஆலைகள். அரைக்கப் போனவர்கள் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பக்கத்து ஆதிவாசிகள். மழை பொய்த்தால் கூலிக்குக் கிளம்புகிற சனம். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசு நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாகிவிடும். சிலிகோசிஸுக்கு மருந்தில்லை, வேலையை விட்ட பிறகும் முற்றும். பலருக்கு டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். செத்தவர்களில் 238 பேர் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கச் சொல்லி மனித உரிமை ஆணையம் 2010-இல் பரிந்துரைத்தது. குஜராத் அரசைக் கொடுக்க வைக்க 2016-இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தூசு கிளம்புகிற இடத்திலேயே அதை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் 14-ஆவது பிரிவில் சொல்லியிருந்தது! சட்டம் புத்தகத்தில் இருந்தது, கல்மாவு நெஞ்சுக்குள் போனது.

ஃபில்டர் மாட்டிவிட்டால் மட்டும் முடிந்துவிடுமா? பை கிழியும், அடைக்கும். ராத்திரி ஃபேனை நிறுத்தினால் கரண்டு மிச்சம். அதிகாரி பகலில்தானே வருவார். கிழிந்த பையை மாற்றக் கூண்டுக்குள் இறங்குவது யார்? இன்ஜினியரா? காண்ட்ராக்ட் கூலி, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. அந்தத் துண்டு நுண்தூசை நிறுத்தாது. சாக்கடையில் இறங்க யாரைக் கூப்பிடுகிறதோ இந்தச் சமூகம், இதற்கும் அந்தத் தெருப்பக்கம்தான் திரும்பிப் பார்க்கும். ஊருக்குச் சுத்தக் காற்று, பையைக் கழற்றுகிறவனுக்கு மொத்தத் தூசு.

ஆலை விரிவாக்கத்துக்குப் பொதுக் கருத்துக்கேட்பு நடந்தால் மாணவர்கள் சும்மா கோஷம் போட்டுவிட்டு வராதீர்கள். கூண்டின் இரண்டு பக்க அழுத்த வித்தியாசம் தினமும் நோட்டில் ஏறுகிறதா என்று கேளுங்கள். ஏறிக்கொண்டே போனால் பை அடைத்திருக்கும், திடீரென்று இறங்கினால் கிழிந்திருக்கும். பை மாற்றுகிற கூலிகளின் பெயர் மஸ்டர் ரோலில் இருக்கிறதா, சரியான சுவாசக் கவசம் தருகிறார்களா, எக்ஸ்ரே எடுத்து அந்தப் படத்தை அவர்கள் கையிலேயே கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். கோத்ராவில் வேலை பார்த்ததற்கு ஆதாரம் காட்டத்தான் செத்தவர்களின் குடும்பங்கள் அலைந்தன.