அலையில்லாத ஏரிதானே என்கிறீர்களா?

இப்போதெல்லாம் சீசன் என்று ஒன்று கிடையாது. ஊட்டியோ ஏற்காடோ, பன்னிரண்டு மாதமும் படகுத்துறையில் கூட்டம்தான். நல்ல விஷயம். வாரம் முழுக்க ஆபீஸ், ஸ்கூல் என்று அலைந்த குடும்பம் ஒரு மணி நேரம் பெடல் போட்டில் சேர்ந்து மிதித்தால் காலுக்கும் பயிற்சி, மனசுக்கும் மருந்து. 1863-ல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள். ராத்திரி தூக்கம் தானாக வரும்.

எனக்கு ஏரி மேல் குறையில்லை. நம் மேல்தான்.

போன டிசம்பரில் ஒரு மலை ஏரியில் கண்ட காட்சி இது. படகுக்காரர் லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார். அப்பா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஒரே வியர்வை நாத்தம்!" அம்மாவுக்கு போட்டோவில் புடவை தெரியாதே என்ற கவலை. ஆறு வயசுப் பையனுக்கு மட்டும் மாட்டிவிட்டார்கள். அதுவும் பெரியவர்கள் சைஸ், பக்கிளைப் போடவில்லை. படகு நடு ஏரிக்குப் போனதும் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து செல்ஃபி!

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்களே, அதுவும் அலையில்லாத ஏரிதான். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்னி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் போனார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு. பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை.

"எனக்கு நீச்சல் தெரியுமே" என்பீர்கள். மலை ஏரியின் குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால், நம்மை அறியாமலே வாய் திறந்து மூச்சை இழுப்போம். அந்த முதல் மூச்சிலேயே தண்ணீர் உள்ளே போகலாம். நீச்சல் அதற்கப்புறம்தான். சினிமாவில் வருகிற மாதிரி "காப்பாத்துங்க" என்று கத்தவும் முடியாது. மூச்சுக்கே போராடுகிறவரிடம் குரல் ஏது? குழந்தை சத்தமில்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் மூழ்கிவிடும்.

இன்னொன்று. தெளிந்த தண்ணீர் கண்ணை ஏமாற்றும். மேலேயிருந்து பார்த்தால் எட்டடி ஆழம் ஆறடியாகத்தான் தெரியும். கரையில் தூண்டில் போட்டு உட்காருகிறவர்களும் இதை மறக்கக்கூடாது.

ஆகவே, என் கட்சி இதுதான்: ஜாக்கெட் இல்லையா, சவாரி வேண்டாம். குழந்தைக்கு மாட்டி பக்கிளைப் போட்டபின் தோள் பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் சைஸ் பெரிசு, வேறு கேளுங்கள். தலைகளை எண்ணுங்கள். கூட்டம் அதிகம் என்றால் இறங்கிவிடுங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

அப்படியும் யாராவது மூழ்கி, கரை சேர்த்த பின் மூச்சில்லை என்றால், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள், தலைகீழாகச் சுற்றாதீர்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இன்னொருவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தட்டும்.

நாற்றம் குளித்தால் போய்விடும். கசங்கிய புடவையை இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை படகில் ஏறும்போது முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள். உங்களைப் பார்த்துத்தான் பிள்ளை மாட்டும்.