பானெட்டைத் திறங்க சார்!

'ஒரிஜினல் கண்டிஷன். சிங்கிள் ஓனர். டாக்டர் வண்டி.'

பழைய அம்பாஸடர் விற்பனை விளம்பரங்களில் இந்த மூன்றும் இல்லாத ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் இருந்த டாக்டர்களைவிட டாக்டர் வண்டிகள்தான் அதிகம் போலிருக்கிறது. போகட்டும். என் சண்டை 'ஒரிஜினல்' என்ற வார்த்தையோடு. எது சார் ஒரிஜினல்? பெயின்ட்டா? சீட் கவரா? உள்ளே என்ன எஞ்சின் என்று கேட்டுப் பாருங்கள். 'அம்பாஸடர் எஞ்சின்தான், வேற என்ன?' என்று நம்மைப் பைத்தியம் மாதிரி பார்ப்பார்கள்.

அம்பாஸடர் எஞ்சின் என்று ஒன்று கிடையவே கிடையாது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து 50களின் இறுதியில் வந்த முதல் வண்டிகளில், அதற்கு முந்தைய லேண்ட்மாஸ்டரில் இருந்த 1476 சி.சி. சைடு வால்வ் எஞ்சின். பிறகு இங்கிலாந்தின் பி.எம்.சி. வடிவமைத்த 1489 சி.சி. பெட்ரோல். 80களில் டீசல்; அதுவும் 1489 சி.சி.தான். 90களில் ஜப்பானின் இசுஸு 1817 சி.சி. பெட்ரோல், ஐந்து கியரோடு. அப்புறம் இசுஸுவின் 2 லிட்டர் டீசல். 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கிறவரை, ஏறக்குறைய ஒரே உடம்பு, இத்தனை இதயங்கள்.

ஆனால் நம் ஆட்கள் வண்டியை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? முன்பக்க கிரில்லைப் பார்த்து! 'கட்டம் போட்ட கிரில், மார்க் டூ சார்' என்று ஒரே போடு. கிரில்லைக் கழற்றி வேறு மாட்ட ஒரு நல்ல மெக்கானிக்குக்கு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

பானெட்டைத் திறந்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும். நான் படித்தது பி.காம்., ஸ்பேனர் பிடித்தவனில்லை. எனக்கே தெரிகிறது. தலைப்பகுதி தட்டையான பலகை மாதிரி இருந்து, ஸ்பார்க் ப்ளக்குகள் மேலே செங்குத்தாக நின்றால் சைடு வால்வ். மேலே நீளமாக ராக்கர் கவர், கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கம், ப்ளக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரும் எதிர்ப்பக்கம் என்றால் பி.எம்.சி. பெட்ரோல். ப்ளக் வயரே இல்லாமல், ஒரு பம்ப்பிலிருந்து இரும்புக் குழாய்கள் தனித்தனியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் போனால் டீசல். கேம்ஷாஃப்ட் தலைக்குமேல் உட்கார்ந்திருந்தால் இசுஸு பெட்ரோலாக இருக்கலாம். அதற்குப் பிறகுதான் எண்ணைத் தேட வேண்டும். எண்ணிலும் இரண்டு ஜாதி உண்டு. இரும்பை உருக்கி வார்க்கும்போதே புடைப்பாக விழுகிற வார்ப்பு எண், பிற்பாடு சுத்தியலால் அடிக்கிற எண். அடித்ததைத் தேய்த்துவிட்டு வேறு எண் அடிப்பது உலகெங்கும் நடக்கிற பழைய திருட்டு. வார்ப்பில் கை வைப்பது அத்தனை சுலபமில்லை.

நம் அரசாங்கம் இதில் எதைப் பார்க்கிறது? அடித்த எண்ணை!

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். எண்மேல் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து நகல் எடுப்பார்கள். நகலும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போனால் பிரேக் இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. அந்த எண் எந்த எஞ்சின்மேல் இருக்கிறது என்பது அவர் கவலையில்லை. ஆர்.சி.யில் சி.சி. எழுதியிருக்கிறதே என்பீர்கள். மேலே சொன்னேனே, பி.எம்.சி. பெட்ரோலும் 1489, டீசலும் 1489. எரிபொருள் என்ன என்று எழுதிய கட்டம் உண்மை பேசினால்தான் உண்டு. எங்கள் பாஷையில் சொன்னால், சரக்கை எண்ணாமல் ஸ்டாக் ரெஜிஸ்டரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டர்.

இது வெறும் கார் பைத்தியங்களின் விவகாரம் என்று புரட்டிவிடாதீர்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார், டூவீலர்களுக்கு 'விண்டேஜ்' அந்தஸ்து. நம்பர் ப்ளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். பத்து வருஷத்துக்குக் கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. ஊர்வலம், கண்காட்சி மாதிரி காரியங்களுக்குத்தான் ஓட்டலாம். நிபந்தனை: சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் 1972 மாடல் அம்பாஸடரை டாக்ஸியாக ஓட்டியவர். பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை. டீசல் விலையோ 2014 அக்டோபர் வரை அரசாங்கம் கையில் வைத்துத் தாங்கிப் பிடித்த விலை. மெடடார் வேன் எஞ்சினை வாங்கி இறக்கினார். அன்றைக்கு ஊரில் பலர் செய்ததுதான். முறையாக விண்ணப்பித்து ஆர்.சி.யிலும் டீசல் என்று மாற்றி எழுதி வாங்கினார். இன்னொருவர் புதுப்பேட்டையில் யாருடைய வண்டியிலிருந்தோ கழற்றிய பெட்ரோல் எஞ்சினை வாங்கிப் பொருத்தி, பழைய எண்ணையே அடித்துக்கொண்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை.

'வி.ஏ.' யாருக்குக் கிடைக்கும்? உண்மையை எழுதி வைத்தவரின் ஆர்.சி.யே அவருக்கு எதிர்சாட்சி. மூச்சுவிடாதவர் பென்சில் தேய்ப்பில் பாஸாகி, மாலை மரியாதையோடு ஊர்வலத்தில் போவார். பொய்க்கு ப்ளேட், உண்மைக்கு அபராதம். இதற்குப் பெயர் பாரம்பரியப் பாதுகாப்பா?

'அப்படியானால் மெடடார் எஞ்சினுக்கும் விண்டேஜ் பட்டம் கொடுக்கச் சொல்கிறீரா?' என்று சில சேகரிப்பாளர்கள் பாய்வார்கள். இல்லை ஐயா. பட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸிக்காரர் வண்டியின் கதையும் சரித்திரம்தான், அதைக் குப்பை என்று தள்ளாதீர்கள் என்கிறேன். அதோடு உங்கள் வண்டியின் பானெட்டையும் திறங்கள் என்கிறேன்.

தொழிற்சாலைக்காரர்களே யோக்கியமாக இருந்தார்களா என்ன? 80களின் நடுவில் நம் வண்டலூர் பக்கத்திலிருந்து 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு கார் வந்தது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். உள்ளே? பழைய வான்கார்ட் காலத்துப் பரம்பரையில் வந்த 2 லிட்டர் எஞ்சின். தாத்தாவுக்குப் பேரன் சட்டை. சில வருஷங்களில் கார் மறைந்தது. அன்றைக்கு அதை வாங்கிய பணக்காரர்களில் எத்தனை பேர் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள்?

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கிற வேலையில்லை. பழைய வண்டிப் பதிவில் இரண்டு கட்டம் சேருங்கள்: பிறந்தபோது இருந்த எஞ்சின், இப்போது இருக்கிற எஞ்சின். அடித்த எண்ணோடு வார்ப்பு எண்ணையும் போட்டோ எடுத்து ஒட்டுங்கள். மாற்றியதைத் தானாக வந்து சொல்கிறவருக்கு, விண்டேஜ் இல்லாவிட்டாலும் வேறொரு பிரிவில் வண்டியை வைத்துக்கொள்ள வழி விடுங்கள். சோதிக்கிற இடத்தில், அந்த எஞ்சின்களை நாற்பது வருஷம் கழற்றி மாட்டிய ஒரு கிழ மெக்கானிக்கை உட்கார வைத்து, ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுங்கள். 20,000 ரூபாய் வாங்குகிறீர்களே, அதிலிருந்தே கொடுக்கலாம்.

அதுவரை, 'டாக்டர் வண்டி சார்' என்று யாராவது சாவியை நீட்டினால், டாக்டர் பெயரைக் கேட்காதீர்கள். ப்ளக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.