குழந்தையின்மை முகாம்களை அரசே நடத்தட்டும்

முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் கூட்டம் சேர்கிறது. சிரிக்கும் குழந்தையின் படத்தோடு வாசலில் பேனர் தொங்குகிறது: ‘குழந்தையின்மைக்கு இலவச ஆலோசனை முகாம்’. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற கவலையோடு, டோக்கனைக் கையில் பிடித்தபடி தம்பதிகள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். இலவச ஸ்கேன் எடுக்கிறார்கள். மருத்துவர் சில நிமிடம் பேசுகிறார். வெளியே வரும்போது சலுகைச் சீட்டு ஒன்று கையில் இருக்கிறது; இந்த மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கினால் கட்டணத்தில் தள்ளுபடி.

இத்தகைய முகாம்கள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் நிறைய வேண்டும். ஆனால் சிகிச்சையை விற்பவரே அதைப் பற்றிய தகவலையும் தருபவராக இருப்பது சரியல்ல. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு இந்த முகாம்களை நடத்த வேண்டும்.

உலகில் வயதுவந்தவர்களில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. அப்படியென்றால் நம் தெருவிலும், நாம் வேலை செய்யும் இடத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆவதற்குள் ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்க ஆரம்பிக்கிறோம். வளைகாப்பில் வளையல் போட அழைக்காமல் ஒரு பெண்ணை ஓரமாக நிறுத்துகிறோம். கோயில் மரத்தில் அவள் தொட்டில் கட்டுவது அவள் நம்பிக்கை. அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதே ஊரில், எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று விளக்கவும் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனை தேவை. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே தேவை. இந்த எளிய செய்திகூடப் பல வீடுகளை எட்டவில்லை.

முகாமுக்குப் பெண்ணை அழைத்து வருவது பெரும்பாலும் மாமியார் அல்லது அம்மா. கணவர் வாசலில் வண்டியோடு நிற்கிறார். குழந்தை பிறக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் உண்மை. விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் குறைவு. ஆனாலும் கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி என்று மனைவியின் உடல் எல்லாவற்றையும் தாங்கி முடித்த பிறகுதான் பல கணவர்கள் மாதிரி கொடுக்கவே சம்மதிக்கிறார்கள். இது பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை. ஜிம்மில் உடம்பேற்றப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடும் என்பதை எத்தனை இளைஞர்களிடம் சொல்லியிருக்கிறோம்? அரசு முகாமில் முதல் டோக்கன் கணவருக்கே தரப்பட வேண்டும்.

எல்லோருக்கும் ஐ.வி.எஃப். தேவைப்படுவதில்லை என்பதையும் அங்கே சொல்ல வேண்டும். தைராய்டு கோளாறைச் சரிசெய்தாலோ, சினைப்பை நீர்க்கட்டிக்கு உடல் எடையைக் குறைத்து மாத்திரை எடுத்தாலோ கருத்தரிப்பவர்கள் உண்டு. கருக்குழாயைக் காசநோய் அடைத்துவிடுவது நம் நாட்டில் அரிதல்ல. அந்த நோய்க்கான மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சுழற்சி ஐ.வி.எஃப்.புக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று வாங்கும் இடத்தில் இவற்றைப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் நேர்மையான மருத்துவர்கள் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் நகையும் நிலமும் அடகுக்குப் போவது ஒரு மருத்துவரின் மனசாட்சியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தச் சிகிச்சையை விலக்கியே வைத்திருக்கின்றன.

எழுபது, எண்பது சதவீதம் வெற்றி என்று விளம்பரம் செய்கிறார்கள். எந்த வயதுப் பெண்களில்? முதல் முயற்சியிலா, மூன்று முயற்சிகளுக்குப் பிறகா? ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தாலே வெற்றியா, குழந்தை கைக்கு வந்தால்தான் வெற்றியா? இளம்வயதுப் பெண்களுக்கே ஒரு முறை கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒன்றுதான். நாற்பதைத் தாண்டி, சொந்தக் கருமுட்டையோடு முயன்றால் மிகக் குறைவு. பிரிட்டனில் 1991 முதல் செயல்படும் ஒழுங்குமுறை ஆணையம் ஒவ்வொரு மையத்தின் பிறப்பு விகிதத்தையும் மக்கள் பார்க்க வெளியிடுகிறது. இங்கும் மையங்கள் தேசியப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். மையவாரியாக எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பதும் பொதுவெளிக்கு வர வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் 2021இல் நிறைவேறி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, ஒன்றுக்கு மேற்பட்ட கரு உருவாகும் ஆபத்து ஆகியவற்றை விளக்கி ஆலோசனை தருவது மையங்களின் கடமை என்கிறது அது. அதே 2022இல்தான் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்ட செய்தி நம்மை உலுக்கியது. கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம் என்பது சட்டம். முகாமுக்கு வரும் தம்பதிக்கு இது தெரிந்திருந்தால், ‘முட்டைக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்’ என்று ஒருவர் சொல்லும்போது கேள்வி கேட்பார்கள்.

அரசால் முடியுமா என்று கேட்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஊர் ஊராக முகாம் போட்டு வென்ற மாநிலம் இது. குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதியர் பட்டியல் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. அவர்களின் கதவைத் தட்டி, ‘குழந்தை போதும்’ என்று சொன்ன அரசு, குழந்தைக்காக ஏங்குபவரின் கதவையும் தட்ட வேண்டும். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கியது நல்ல தொடக்கம். ஆனால் ராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ கூலி வேலை செய்யும் தம்பதி ஊசிக்கும் ஸ்கேனுக்கும் திரும்பத் திரும்பச் சென்னைக்கு வர முடியாது. முதற்கட்டப் பரிசோதனைகள் மாவட்ட மருத்துவமனையில் முடிந்துவிட வேண்டும்.

முகாமில் கேமரா கூடாது. பயனடைந்த தம்பதியைக் குழந்தையோடு மேடையேற்றிக் கைதட்டுவதும் வேண்டாம். அந்தக் கைதட்டலுக்கு நடுவே மற்றவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள்? மனநல ஆலோசகர் கட்டாயம் இருக்க வேண்டும். முறைப்படி தத்தெடுக்கும் வழியை விளக்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் வர வேண்டும். பலமுறை முயன்று, போதும் என்று நிறுத்திவிட்டு நிம்மதியாக வாழும் தம்பதிகளும் இருக்கிறார்கள். விருப்பப்பட்டால் அவர்களும் பேசட்டும். தனியார் முகாம்களுக்கு முன் அனுமதி கட்டாயமாக்கி, முகாம் இடத்திலேயே முன்பணம் வாங்குவதையும் தேதி போட்டுத் தள்ளுபடி தருவதையும் தடை செய்ய வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிறு, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு மகப்பேறு மருத்துவர், ஓர் ஆண் இனப்பெருக்க நல மருத்துவர், ஓர் ஆலோசகர், ஓர் ஆய்வக உதவியாளர். இதற்கான நிதியை அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அரசு ஒதுக்க வேண்டும்.